பின்கொடுப்பதா, விட்டுக்கொடுப்பதா?



தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் கணினி நிரலைப் பற்றி ஏன் எழுத வேண்டும் எனச் சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. சிங்கப்பூரில் சாதாரண நிலைத் தேர்வுக்குரிய கணினியியல் பாடம் 2017இல் மாற்றியமைக்கப்பட்டுப் பைத்தான் மொழி வழியே கற்பிக்கப்படலாயிற்று. தொடக்கப்பள்ளியின் உயர்வகுப்பு மாணவர் அனைவருக்கும் நிரலாக்கத்தை அறிமுகம் செய்யும் ‘கோட் ஃபார் ஃபன்’ வகுப்பு 2020 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இடம்பெற்றது. நம்மிடம் புணர்ச்சி விதி கற்கும் அதே பிள்ளை அடுத்த நாள் பைத்தான் எழுதுகிறது. அங்கே அப்பிள்ளை சந்திக்கும் வினாக்களுள் ஒன்று மொழியாசிரியர்க்கும் உரியது என்பது என் எண்ணம்.

அவ்வினா இது: ஒரு செயற்கூறு தன் விடையை ‘ரிட்டர்ன்’ என்னும் சொல்லால் கொடுக்க வேண்டுமா, ‘யீல்டு’ என்னும் சொல்லால் கொடுக்க வேண்டுமா?

என் நிலைப்பாட்டை முதலிலேயே கூறிவிடுகிறேன். பெறுபவர் அவ்விடையைக் கொண்டு என்ன செய்யப்போகிறார் என்பதைப் பார்த்தே இதனை முடிவு செய்ய வேண்டும். பள்ளி மாணவர் எழுதும் நிரல்களுள் பெரும்பாலானவற்றுக்கு ரிட்டர்னே தகும். யீல்டையும் கற்பிக்கத்தான் வேண்டும். ஆயினும் அதனைக் கெட்டிக்கார மாணவர் அணியும் அணிகலனாகக் கற்பிக்கலாகாது. ‘என் மகன் யீல்டெல்லாம் எழுதுகிறான்’ என்று பெற்றோர் மகிழ்வது இயல்பு. எங்கே எழுதினான், ஏன் எழுதினான் என்று கேட்பதே அம்மகிழ்ச்சிக்கு அடுத்து வர வேண்டியது.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு

நிரல் எழுதிப் பழகாத பெற்றோர்க்காகச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன். கிராஞ்சி என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். இதில் எத்தனை எழுத்து எனக் கேட்டால் தொடக்கநிலைக் குழந்தையும் ‘நான்கு’ என்று விடை சொல்லும்: கி, ரா, ஞ், சி. பைத்தானைக் கேட்டால் ‘எட்டு’ என்னும். ஒருங்குறியில் அகரம் ஏறியவை நீங்கலாகப் பிற உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியெண் கிடையாது. ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியும். ‘ரா’ என்பது ரகரமும் காலும். ‘ஞ்’ என்பது ஞகரமும் புள்ளியும். ‘சி’ என்பது சகரமும் இகரக் குறியும். ஆக எட்டு.

இந்த எட்டுக் குறிகளைப் பெற்று நான்கு எழுத்துகளாக்கித் தரும் செயற்கூறு ஒன்று, தமிழில் நிரல் எழுதும் எவருக்கும் தொடக்கத்திலேயே தேவைப்படும். அதனை இருவகையில் எழுதலாம். பைத்தான் இலக்கணத்தை ஒதுக்கிவிட்டுக் கருத்தை மட்டும் தமிழில் வரைந்து காட்டுகிறேன்.

முதல் வகை:

செயற்கூறு எழுத்துகள் (சொல்):
— வெற்றுப் பட்டியல் ஒன்றைத் தொடங்கு
— சொல்லில் உள்ள ஒவ்வோர் எழுத்தையும் பட்டியலில் சேர்
— ரிட்டர்ன் பட்டியல்

இரண்டாம் வகை:

செயற்கூறு எழுத்துகள் ஒவ்வொன்றாக (சொல்):
— சொல்லில் உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும்:
— — யீல்டு அந்த எழுத்து

முதல் வகை நான்கு எழுத்துகளையும் திரட்டி, ஒரே பட்டியலாகக் கையளித்துவிட்டு முடிந்துவிடும். உள்ளே அது பயன்படுத்திய மாறிகளும் அத்துடன் மறையும். இரண்டாம் வகையை அழைத்தால் உடனே எதுவும் நிகழாது. ‘முதல் எழுத்தைத் தா’ என்று கேட்டபின்னரே அது நடக்கத் தொடங்கும். ‘கி’ என்பதைக் கொடுத்துவிட்டு அந்த வரியிலேயே நிற்கும். தான் நின்ற இடத்தையும் தன் மாறிகளின் மதிப்புகளையும் அது மறப்பதில்லை. மீண்டும் கேட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ‘ரா’ தரும். இவ்வாறு ‘சி’ வரை சென்று ஓயும்.

இந்த நினைவாற்றல் தமிழ் எழுத்தைப் பிரிப்பதற்கு எவ்வளவு தேவை என்பதைக் கவனியுங்கள். ககரம் வந்தவுடன் ‘க’ என்று கொடுத்துவிட முடியாது. அடுத்து வருவது இகரக் குறியா, புள்ளியா, வேறோர் எழுத்தா என்று பார்த்த பின்னரே கொடுக்க இயலும். அதுவரை ககரம் கையிலேயே இருக்க வேண்டும். மாணவர் பலரும் இங்கே ஒன்றைத் தவறவிடுவர். சொல் முடிந்த பிறகு கையில் எஞ்சியுள்ள எழுத்தையும் கொடுத்தாக வேண்டும். மறந்தால் ‘கிராஞ்சி’ என்பது ‘கிராஞ்’ என்று நின்றுவிடும். ரிட்டர்ன் ஆயினும் யீல்டு ஆயினும் இந்தக் கவனம் பொதுவானது.

ரிட்டர்ன் நிரல் மொழிகளில் நெடுங்காலமாக உள்ளது. யீல்டு பைத்தானுக்கு 2001 டிசம்பரில் வெளிவந்த 2.2ஆம் பதிப்பில்தான் வந்து சேர்ந்தது. கருத்து அதனினும் பழையது. 1970களில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவும் அவர்தம் குழுவினரும் வடித்த ‘க்ளூ’ என்னும் மொழியிலேயே அது காணப்படுகிறது.

ஒரு தமிழ் நிரல்தொகுப்பின் முன்மாதிரி

முத்தையா அண்ணாமலையும் பிற தன்னார்வலர்களும் பைத்தானில் உருவாக்கிய ‘ஓப்பன் தமிழ்’ என்னும் திறமூலத் தொகுப்பு இவ்வினாவுக்கு அழகிய எடுத்துக்காட்டு. அதில் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்க இரண்டு செயற்கூறுகள் உள்ளன. ‘கெட் லெட்டர்ஸ்’ என்பது முழுப் பட்டியலைத் தரும். ‘கெட் லெட்டர்ஸ் இட்டரபிள்’ என்பது யீல்டு வழியே ஒவ்வொன்றாகத் தரும். இரண்டும் ஒரே கோப்பில் உள்ளன.

ஒரே வேலைக்கு இரண்டு எதற்கு? பொதுத்தொகுப்பை எழுதுபவர் தம்மிடம் பெறுபவர் யாரென அறியார். ஒருவர் மாலைமாற்றுச் சோதனை செய்ய விரும்பலாம். ‘விகடகவி’ என்னும் சொல்லை முன்னும் பின்னுமாக ஒப்பிட வேண்டுமாயின், முதல் எழுத்தைக் காணும்போதே கடைசி எழுத்தும் கையில் இருக்க வேண்டும். அவருக்குப் பட்டியலே பயன்படும். மற்றொருவர் 1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைப் படித்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது எனக் கணக்கிட விரும்பலாம். அவருக்கு ஓர் எழுத்தைப் பார்த்தவுடன் அதன் கணக்கில் ஒன்றைக் கூட்டினால் போதும். அந்த எழுத்தைச் சேமித்து வைக்கத் தேவையில்லை. அவருக்கு யீல்டு பயன்படும். எழுத்தைப் பிரிக்கும் இலக்கணம் ஒன்றே. பெறுபவரின் தேவையே கொடுக்கும் முறையை மாற்றுகிறது.

கிராஞ்சியின் பெயர்ப்பட்டியல்

நம் ஊரிலிருந்தே ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். கிராஞ்சிப் போர் நினைவிடத்தில் 4,400க்கு மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. அதன் மேட்டில், 1957 மார்ச் 2ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட சிங்கப்பூர் நினைவுச்சின்னத்தில், கல்லறை இன்னதென அறியப்படாத 24,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் படையினரின் பெயர்களும் அவற்றுள் அடங்கும். இத்தகைய பெயர்ப்பட்டியல் வரிக்கு ஒரு பெயராக ஒரு கோப்பில் இருப்பதாகக் கொள்வோம். கோப்பைப் படித்துப் பெயர்களைத் தரும் செயற்கூற்றை மாணவர் எழுத வேண்டும். ரிட்டர்னா, யீல்டா?

‘கேள்வி முழுமையாக இல்லையே, ஆசிரியரே’ என்று மாணவர் கேட்டால் அவருக்கு முழு மதிப்பெண் தரலாம். பெறுபவர் யார் என்று சொல்லாமல் இதற்கு விடை கூற இயலாது. நான்கு பெறுநர்களை எண்ணிப் பார்ப்போம்.

1. தம் குடும்பத்தார் ஒருவரின் பெயர் உள்ளதா எனத் தேடுபவர். பெயர் கிடைத்தவுடன் நிறுத்திவிடலாம். எஞ்சியவற்றைப் படிக்க வேண்டியதில்லை. யீல்டு பொருந்தும்.

2. ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது எனக் கணக்கிடுபவர். ஒருமுறை வரிசையாகப் பார்த்துச் சென்றால் போதும். இங்கும் யீல்டு பொருந்தும்.

3. பெயர்களை அகர வரிசையில் அடுக்க விரும்புபவர். கடைசிப் பெயரைப் படித்து முடிக்கும்வரை எது முதலில் வரும் என்று சொல்லவே முடியாது. அகரத்தில் தொடங்கும் பெயர் கோப்பின் கடைசி வரியிலும் இருக்கலாம். முழுப் பட்டியலும் வேண்டும். ரிட்டர்ன்.

4. முதலில் மொத்த எண்ணிக்கையையும் பின்னர்ப் பெயர்களையும் அச்சிட விரும்புபவர். இருமுறை பயன்படுத்துகிறார். ரிட்டர்ன்.

இத்துடன் ஓர் உண்மையையும் சேர்த்துச் சொல்வது கடமை. யீல்டுக்கு முதற்காரணமாக எங்கும் சொல்லப்படுவது நினைவகச் சிக்கனம். 24,000 பெயர்களுக்குப் பெயரொன்றுக்கு நூறு பைட்டு வீதம் தாராளமாகக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 2.4 மெகாபைட்தான் வரும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவு அது. ஆதலால் முதல் இரண்டு பெறுநர்க்கும்கூட ரிட்டர்ன் எழுதினால் ஒரு குறையும் நேராது. கோடிக்கணக்கான வரிகள் கொண்ட கோப்பு, இணையத்தின் வழியே சிறிது சிறிதாக வந்துசேரும் தரவு, முடிவே இல்லாத தொடர் ஆகிய இடங்களில்தான் யீல்டு இன்றியமையாததாகிறது. 247 தமிழ் எழுத்துகளையோ 1,330 குறள்களையோ கையாளும் பள்ளி நிரலுக்கு நினைவகச் சிக்கனம் ஒரு காரணமாகாது.

ஓசையின்றி நேரும் பிழைகள்

யீல்டை அணிகலனாகக் கற்பிக்கலாகாது என்றேன். அதற்கு அடிப்படையான காரணம் இதுதான்: யீல்டால் நேரும் பிழைகள் பெரும்பாலும் ஓசையின்றி நேர்கின்றன.

முதலாவது, யீல்டு தரும் தொடர் ஒருமுறைக்கு மட்டுமே உரியது. மேற்சொன்ன நான்காம் பெறுநர் யீல்டு வகையைப் பயன்படுத்தினால் எண்ணிக்கை சரியாக வரும். பின்னர்ப் பெயர்களை அச்சிடச் சொன்னால் ஒரு பெயரும் வராது. எண்ணும்போதே தொடர் தீர்ந்துவிட்டது. பைத்தான் பிழைச்செய்தி எதையும் காட்டாது. பிழைச்செய்தி வந்தால் குழந்தை அதைப் படித்துத் திருத்திக்கொள்ளும். வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் தேடும்?

இரண்டாவது, அத்தொடருக்கு நீளம் இல்லை. ‘மூன்றாம் எழுத்து எது’ என நேரே சுட்டவும் இயலாது. இங்கே பைத்தான் பிழையென்று உரக்கவே சொல்லிவிடும் என்பதால் இது சிறிய தொல்லைதான்.

மூன்றாவது, செயற்கூறு அழைத்தவுடன் நடக்கத் தொடங்காமையால் பிழை வெளிப்படும் இடம் மாறிவிடும். கோப்பின் பெயர் தவறாக இருந்தால், ரிட்டர்ன் வகையில் அழைத்த வரியிலேயே தெரியும். யீல்டு வகையில், எங்கோ தள்ளி, முதல் பெயரைக் கேட்கும் வரியில் தெரியும்.

நான்காவதே மிகவும் நுட்பமானது. ஒரு செயற்கூற்றில் எங்கேனும் ஓரிடத்தில் யீல்டு இருந்தால் அது முழுவதும் யீல்டு வகையாகிவிடும். மாணவர் ஒருவர் ஓரெழுத்தொருமொழியைத் தனியாகக் கவனிப்பதாக எண்ணிக்கொண்டு, ‘சொல்லில் ஓர் எழுத்தே இருந்தால் அதைப் பட்டியலாக ரிட்டர்ன் செய், இல்லையேல் ஒவ்வொன்றாக யீல்டு செய்’ என்று எழுதினால் என்னாகும்? ‘கிராஞ்சி’ சரியாக வரும். ‘பூ’ என்று கொடுத்தால் மடக்கினுள் எதுவும் வந்து சேராது. 2012இல் வந்த 3.3ஆம் பதிப்புக்கு முன்பு இவ்வாறு கலந்து எழுதினால் பைத்தான் பிழையென மறுத்துவிடும்; அதன்பின் வேறு தேவைகளுக்காக அது இசைவு பெற்றது. ஆயினும் அந்த ரிட்டர்ன் தரும் மதிப்பை வழக்கமான மடக்கு காண்பதில்லை. இதுவும் ஓசையற்ற பிழையே.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டுப் பெற்ற நிரலில் யீல்டு வந்து அமர்ந்திருப்பதை மாணவர் கவனிக்காமலேயே ஒப்படைப்பதற்கு வாய்ப்புண்டு. நிரல் ஓடுகிறது என்பதனாலேயே புரிந்துவிட்டது என்று கொள்ள முடியாது. ‘இதை இருமுறை பயன்படுத்தினால் என்னாகும்?’ என்ற ஒரே கேள்வி, புரிந்தவரையும் புரியாதவரையும் பிரித்துக் காட்டிவிடும்.

யீல்டின் பக்கம் நிற்போர்க்கு ஒரு வலுவான வாதம் உண்டு. அதை மறைப்பது முறையாகாது. ‘யீல்டாகவே எழுதிவிடுங்கள். முழுப் பட்டியல் வேண்டுபவர் லிஸ்ட் என்னும் ஒரு சொல்லால் அதைச் சுற்றிக்கொண்டால் பட்டியல் கிடைத்துவிடும். ரிட்டர்னாக எழுதினால், முதல் எழுத்து மட்டும் வேண்டுபவர்க்கும் எல்லா வேலையும் செய்தாகிவிட்டது. அதைத் திரும்பப் பெற வழியில்லையே’ என்பர். பொதுத்தொகுப்பு எழுதுவோர்க்கு இவ்வாதம் பெரிதும் பொருந்தும். நம் மாணவர் நிலை வேறு. அவர் எழுதும் செயற்கூற்றைப் பெறப்போவதும் பெரும்பாலும் அவரே. பத்து வரி கீழே அவரே அதை அழைக்கிறார். பெறுபவர் கண்முன் நிற்கையில், அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுப்பதே எளிது.

தமிழில் என்ன பெயர்?

இனித் தமிழாசிரியர்க்கே உரிய பகுதிக்கு வருகிறேன். பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008இல் வந்தபின், மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழிலேயே பெயரிட முடிகிறது. ரிட்டர்ன், யீல்டு போன்ற சிறப்புச் சொற்களை மட்டும் மாற்ற இயலாது. நிரலில் அவை அவ்வாறே இருக்கட்டும். வகுப்பில் விளக்கும்போது அவற்றின் பொருளைத் தமிழில் சொல்ல ஒரு சொல் வேண்டாமா?

ரிட்டர்னுக்குச் சொல் ஆயத்தமாகவே உள்ளது. முத்தையா அண்ணாமலை உருவாக்கி 2009இல் ஆய்வுக்கட்டுரை வாயிலாகவும் விளக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியில், ரிட்டர்னுக்குப் ‘பின்கொடு’ என்பதே சிறப்புச் சொல். எழிலின் சிறப்புச் சொற்களுள் யீல்டுக்கு இணையானது இல்லை. ஒரு தொகுப்பின் உறுப்புகளை வரிசையாகக் கையாளும் மடக்குக்கு மட்டும் ‘ஒவ்வொன்றாக’ என்னும் இனிய சொல் உண்டு.

யீல்டு என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இரு பொருள்கள். ஒன்று விளைச்சல் தருதல். மற்றொன்று பிறர்க்கு வழிவிடுதல். பைத்தானில் இரண்டும் நிகழ்கின்றன. செயற்கூறு ஒரு மதிப்பைத் தருகிறது. அதே நேரத்தில் தன் ஓட்டத்தை நிறுத்தி, அழைத்தவர் தொடர்ந்து செல்ல வழிவிடுகிறது. ‘விளை’ என்று பெயர்த்தால் வழிவிடுதல் தொலைந்துபோகும். ‘வழிவிடு’ என்றால் கொடுத்தல் தொலைந்துபோகும்.

‘விட்டுக்கொடு’ என்பதை நான் முன்மொழிகிறேன். வீட்டில் அண்ணன் தங்கைக்குச் சொல்லித்தரும் சொல் அது. பிறர்க்கு வழிவிடுதல் அதன் வழக்குப் பொருள். சொல்லைப் பிரித்தால் விட்டு விட்டுக் கொடுத்தல் என்னும் பொருளுக்கும் இடம் தருகிறது. பின்கொடு என்பதோடு ஓசையாலும் அமைப்பாலும் இணைந்து நிற்கிறது. பின்கொடுத்தல் என்றால் எல்லாவற்றையும் கொடுத்து முடித்துவிடுதல். விட்டுக்கொடுத்தல் என்றால் ஒன்றைக் கொடுத்து, வழிவிட்டு, மறுமுறை கேட்கும்வரை காத்திருத்தல். இவ்விரு சொற்களையும் கேட்ட மாணவர்க்குப் பாதி விளக்கம் தேவைப்படாது.

கொடுத்தலைப் பற்றி நுட்பமாகச் சிந்தித்தல் தமிழுக்குப் புதிதன்று. ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் தொல்காப்பியர் எச்சவியலில் வேறுபடுத்திக் காட்டுகிறார். கேட்பவர் தாழ்ந்தவராயின் ஈ, ஒத்தவராயின் தா, உயர்ந்தவராயின் கொடு என்பது அவ்வேறுபாடு. உயர்வு தாழ்வு பாராட்டும் பகுதியை நாம் இன்று விட்டுவிடலாம். கேட்கும் பொருள் ஒன்றே ஆயினும், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே சொல் அமையும் என்ற பார்வையை விட வேண்டியதில்லை. ரிட்டர்னையும் யீல்டையும் தேர்ந்தெடுக்க வேண்டிய முறையும் அதுவே.

வகுப்பிலும் வீட்டிலும்

ஆசிரியர்கள் கணினி இல்லாமலே இதைக் கற்பிக்கலாம். எழுத்தட்டைகள் போதும். ஒரு மாணவர் ‘கிராஞ்சி’ என்னும் சொல்லின் நான்கு அட்டைகளையும் கட்டாகக் கொடுக்கட்டும். மற்றொருவர் கை தட்டும்போதெல்லாம் ஓர் அட்டையை மட்டும் காட்டிவிட்டுத் தம் பையில் போட்டுக்கொள்ளட்டும். பெறும் மாணவரிடம், ‘சொல்லைத் தலைகீழாகப் படி’, ‘எத்தனை நெடில் என்று எண்ணு’, ‘எண்ணிய பிறகு மீண்டும் படி’ என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எந்த வேலைக்கு எந்த முறை உதவுகிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

பெற்றோர்க்கு நிரல் தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. பிள்ளையிடம் மூன்று கேள்விகளைத் தமிழில் கேளுங்கள். இதைப் பெறப்போவது யார்? அவருக்கு முழுவதும் ஒன்றாக வேண்டுமா, ஒவ்வொன்றாகப் போதுமா? மறுமுறை கேட்பாரா? மூன்றுக்கும் தெளிவான விடை வந்தால் உங்கள் பிள்ளை எதை எழுதினாலும் அறிந்தே எழுதுகிறது. விடை தெளிவாக இல்லாவிட்டால், ‘இப்போதைக்குப் பின்கொடுத்துவிடு’ என்று சொல்லுங்கள். ஐயம் உள்ள இடத்தில் ரிட்டர்னே பாதுகாப்பு.

பிள்ளை பள்ளியில் கற்பதைப் பற்றி வீட்டில் தமிழில் பேச முடியாத நிலை வரும்போதுதான் தமிழ், பண்டிகைக்கும் தேர்வுக்கும் உரிய மொழியாகச் சுருங்குகிறது. இச்சிங்கப்பூரில் தமிழைக் கணினிக்குள் கொண்டுவர உழைத்த நா. கோவிந்தசாமி, ஆசிரியர்களை உருவாக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றியவர். தமிழ் இணைய மாநாடு 1997 மே மாதத்தில் இங்கே நடைபெற்றது. எழுத்துருவுக்கும் விசைப்பலகைக்கும் அத்தலைமுறை உழைத்தது. நிரலின் கருத்துகளைத் தமிழில் விளக்கும் பணி நமக்கு எஞ்சியிருக்கிறது.

‘விட்டுக்கொடு’ என்பதைவிடச் சிறந்த சொல் தங்களிடம் இருந்தால் எழுதுங்கள். அட்டை விளையாட்டை வகுப்பில் செய்து பார்த்தவர்கள் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்பதையும் பகிர்ந்துகொள்ளுங்கள். நல்ல சொல் வருமாயின், என் சொல்லை விட்டுக்கொடுப்பதில் எனக்குத் தடையில்லை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்